வாக்கு தவறிய கோபன்ஹேகன்... ஆனாலும் உலக நகரங்கள் ஏன் அதைத் திரும்பிப் பார்க்கின்றன?

'2025-ம் ஆண்டுக்குள் உலகின் முதல் கார்பன் சமநிலைத் தலைநகரம் ஆவோம்!'

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன், 2012 ஆகஸ்ட்டில் எடுத்த சபதம் இது. மாநகர சபை கூடி, திட்டம் போட்டு, தேதியும் குறித்தது. உலகம் முழுக்க இருந்து மேயர்களும் அதிகாரிகளும் பொறியாளர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

2025 வந்தது, போனது. சபதம் நிறைவேறவில்லை.

'அவ்வளவுதானா... இதில் என்ன செய்தி இருக்கிறது?' என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. ஒரு நகராட்சி நிர்வாகம் நினைத்தால் மின்சாரத்தையும் எரிபொருளையும் எவ்வளவு தூரம் மிச்சப்படுத்த முடியும், எந்த இடத்தில் சறுக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த ஒரே ஊரில் பதில் கிடைக்கிறது. சென்னையும் 2050-க்குள் கார்பன் சமநிலை என்ற இலக்கோடு தன் காலநிலைச் செயல்திட்டத்தை 2023-ல் வெளியிட்டிருக்கிறது. அதனால் கோபன்ஹேகன் கதை நமக்கும் வேண்டிய கதைதான்.

டென்மார்க் நமக்கு அந்நியமும் அல்ல. 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடியில் கொடி நாட்டியிருந்தவர்கள் டேனிஷ்காரர்கள். இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டை அவர்கள் கட்டியதுதான்.

கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகள்

இன்று 'பசுமை நாடு' என்று பெயர் வாங்கியிருக்கும் டென்மார்க், 1970-களின் தொடக்கத்தில் தன் எரிசக்தித் தேவையில் 90 சதவிகிதத்துக்கும் மேல் இறக்குமதி எண்ணெயை நம்பி இருந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தை இறுக்கிப் பிடித்ததும் நாடே ஆடிப்போனது. அந்த ஆண்டு நவம்பர் 25 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே அரசு தடை போட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிள் ஓட்டினார்கள், நடந்தார்கள்.

அந்தக் குளிர்காலம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் எளிமையானது. 'நம் வீட்டு அடுப்பின் சாவி அடுத்தவர் கையில் இருக்கக் கூடாது.' பருவநிலை மாற்றம் என்ற பேச்சே அன்று பரவலாக இல்லை. பயமும் பர்ஸும்தான் அவர்களை மாற்றின.

1979-ல் வெப்ப விநியோகச் சட்டம் வந்தது. எந்தப் பகுதிக்கு எந்த வழியில் வெப்பம் கொடுப்பது என்று திட்டமிடும் பொறுப்பு நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் ஊரில் குடிநீர், பாதாளச் சாக்கடைபோல, அங்கே வெப்பமும் உள்ளாட்சியின் வேலையானது. கோபன்ஹேகன் கதையின் அஸ்திவாரம் இதுதான்.

வீணாகும் ஆவியில் வெந்நீர்

ஜனவரியில் கோபன்ஹேகனின் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். அந்த ஊரில் ஹீட்டர் இல்லாத வீட்டில் வாழ முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக எண்ணெய் கொதிகலன் வைத்தால் செலவும் அதிகம், புகையும் அதிகம்.

இங்கே ஒரு சின்ன அறிவியல். எண்ணூரிலோ மேட்டூரிலோ அனல்மின் நிலையத்தைக் கடக்கும்போது, பிரமாண்டமான கோபுரங்களிலிருந்து வெண்மையாக ஆவி கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். எரிக்கும் நிலக்கரியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கோ, கொஞ்சம் கூடுதலாகவோதான் மின்சாரமாகிறது. மிச்சமெல்லாம் வெப்பமாகக் காற்றிலும் நீரிலும் கலந்து வீணாகிறது.

கோபன்ஹேகன் அந்த மிச்சத்தைப் பிடித்தது. மின் நிலையத்தில் வீணாகும் வெப்பத்தால் தண்ணீரைச் சூடாக்கி, வெப்பம் வெளியேறாத உறை போட்ட குழாய்கள் வழியாக நிலத்தடியில் நகரம் முழுக்க அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கட்டடத்தின் அடித்தளத்திலும் ஒரு வெப்பப் பரிமாற்றக் கருவி இருக்கும். அங்கே சூட்டை இறக்கிவைத்துவிட்டு, ஆறிய தண்ணீர் இன்னொரு குழாய் வழியாக நிலையத்துக்கே திரும்பும். மறுபடி சூடாகும், மறுபடி கிளம்பும். குளியலுக்கு வெந்நீரும் இதே ஏற்பாட்டில்தான்.

இதற்கான விதை 1903-லேயே விழுந்துவிட்டது. கோபன்ஹேகனால் சூழப்பட்ட ஃபிரெடெரிக்ஸ்பெர்க் என்ற சிறிய நகராட்சிக்குக் குப்பை கொட்ட இடமில்லை. குப்பையை எரிக்க ஓர் உலை கட்டி, அதன் வெப்பத்தை மருத்துவமனைக்கும் ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்துக்கும் அனுப்பினார்கள். டென்மார்க்கின் முதல் பொது வெப்ப விநியோகம் அதுதான்.

1984-ல் கோபன்ஹேகன் உள்பட ஐந்து நகராட்சிகள் சேர்ந்து பெரிய வெப்பக் குழாய்களுக்கென ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. 1988-ல், இந்தக் குழாய் செல்லும் பகுதிகளில் கட்டப்படும் புதிய வீடுகளில் மின்சார ஹீட்டர் வசதி அமைக்கத் தடை வந்தது. 'குழாய் வந்தால் இணைப்பு எடுத்தே ஆக வேண்டும்' என்று நகராட்சிகள் உத்தரவிட முடிந்ததால், போட்ட முதலீடு வீணாகவில்லை. இன்று கோபன்ஹேகனின் வெப்பத் தேவையில் சுமார் 98 சதவிகிதம் இந்தக் குழாய்களில்தான் போகிறது.

ஆறரை லட்சம் பேர் வாழும் நகரத்தில், வீட்டுக்கு வீடு புகைபோக்கி இல்லாமல் போனதன் ரகசியம் இது. எரிபொருளை மாற்ற வேண்டுமென்றால் லட்சக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. நான்கைந்து நிலையங்களில் மாற்றினால் போதும்.

கடலில் சுழலும் 20 காற்றாலைகள்

கோபன்ஹேகன் துறைமுகத்திலிருந்து கடலைப் பார்த்தால், வில்போல வளைந்த ஒரே வரிசையில் 20 காற்றாலைகள் சுழல்வது தெரியும். பெயர் மிடல்குருண்டன். கரையிலிருந்து சுமார் மூன்றரை கிலோமீட்டர். ஒவ்வொன்றும் 2 மெகாவாட், மொத்தம் 40 மெகாவாட். 2000-ம் ஆண்டு இது அமைக்கப்பட்டபோது, உலகிலேயே பெரிய கடல் காற்றாலைப் பண்ணை இதுதான். அந்த இடத்துக்கு ஒரு முன்கதை உண்டு. துறைமுகத்தில் தோண்டியெடுத்த கழிவுச் சேற்றைப் பல காலம் கொட்டிவந்த கடற்பகுதி அது.

இதன் உரிமையாளர் யார் என்பதுதான் சுவாரஸ்யம். பாதி, நகரத்தின் மின் நிறுவனத்துக்கு. மறுபாதி, பொதுமக்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கத்துக்கு. மொத்தம் 40,500 பங்குகள். ஒரு பங்கின் விலை 4,250 டேனிஷ் குரோனர். ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 1,000 யூனிட் மின் உற்பத்திக்கான உரிமை என்று கணக்கு. 8,500-க்கும் அதிகமானோர் வாங்கினார்கள்.

முதலில் போட்ட திட்டம் வேறு. மூன்று வரிசையில் 27 காற்றாலைகள். 'ஊரின் கடற்கரை அழகு கெட்டுவிடும்' என்று மக்கள் கருத்துக் கேட்பில் எதிர்ப்பு வந்தது. எண்ணிக்கையை 20-ஆகக் குறைத்து, அழகான ஒற்றை வளைவாக மாற்றினார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொன்னது திட்டத்தின் வரைபடத்தையே மாற்றியது என்பதைக் கவனியுங்கள். அங்கே காற்றாலை என்பது 'யாரோ வந்து வைத்தது' இல்லை, 'என்னுடையதும் அதில் இருக்கிறது' என்ற எண்ணம்.

நம் ஊருக்கும் இந்தக் காற்றில் பங்கு உண்டு. தமிழ்நாட்டின் தொடக்கக்காலக் காற்றாலைத் திட்டங்களில் டென்மார்க் அரசின் உதவி இருந்தது. டேனிஷ் நிறுவனமான வெஸ்டாஸ், சென்னைக்கு அருகே காற்றாலை உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஆலைகளை நடத்துகிறது.

ஏசிக்கும் ஒரு குழாய்

குளிர் நாடாக இருந்தாலும் அலுவலகங்கள், ஹோட்டல்கள், கம்ப்யூட்டர் சர்வர் அறைகளுக்கு ஏசி தேவை. அதற்கும் ஒரு குழாய் போட்டார்கள். துறைமுகத்தின் குளிர்ந்த கடல்நீரைக் கொண்டு ஓரிடத்தில் தண்ணீரைக் குளிர்வித்து, கட்டடங்களுக்கு அனுப்பும் முதல் நிலையம் 2010-ல் தொடங்கியது. குளிர்காலத்தில் கடல்நீரே வேலையைப் பார்த்துவிடும். கோடையில் மட்டும் இயந்திரங்கள் கைகொடுக்கும். தனித்தனி ஏசிகளோடு ஒப்பிட்டால் மின் செலவு பெருமளவு குறைகிறது. கட்டடங்களின் மொட்டை மாடிகளும் சத்தம் போடும் இயந்திரங்களிலிருந்து விடுபடுகின்றன.

சின்னச் சின்ன மாற்றங்களும் கூடவே நடந்தன. தெருவிளக்குகள் எல்.இ.டி-க்கு மாறின. துறைமுகப் படகுப் பேருந்துகள் 2020 முதல் பேட்டரியில் ஓடுகின்றன. நகரப் பேருந்துகளும் மின்சாரத்துக்கு மாறிவருகின்றன. வெப்ப நிலையங்களில் நிலக்கரி போய் மரத்துகள் வந்தது. 2005-ஐ ஒப்பிட்டால் நகரின் கார்பன் வெளியேற்றம் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது.

குப்பை மலையில் பனிச்சறுக்கு!

சமூக வலைதளங்களில் அடிக்கடி வலம்வரும் ஒரு வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். ஒரு தொழிற்சாலையின் சாய்ந்த கூரையில் மக்கள் சறுக்கி விளையாடுவார்கள். அதுதான் 'அமாகர் பக்கே'. குப்பையை எரித்து மின்சாரமும் வெப்பமும் தயாரிக்கும் ஆலை. 2017-ல் உற்பத்தி தொடங்கியது. 2019-ல் கூரை மீதான சறுக்குத்தளம் திறக்கப்பட்டது. கூரையில் இருப்பது பனி அல்ல, பச்சை நிறச் செயற்கை விரிப்பு. 85 மீட்டர் உயரச் சுவரில் மலையேற்றப் பயிற்சியும் உண்டு. வடிவமைத்தது புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பியார்க் இங்கெல்ஸின் நிறுவனம். செலவு, சுமார் 400 கோடி குரோனர்.

'குப்பை ஆலையை ஒதுக்குப்புறமாகத் தள்ளிவைக்காமல், மக்கள் விளையாடும் இடமாக்கிவிட்டார்களே' என்று உலகம் வியந்தது. ஆனால், உள்ளூரில் வேறு கணக்கு ஓடியது. ஆலையின் அளவு தேவைக்கு மிகப் பெரிது என்று கட்டும் முன்பே எதிர்ப்பு இருந்தது. மக்கள் குப்பையைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப அனுப்ப, எரிக்கக் குப்பை குறையும். உலைக்கோ தீனி வேண்டும். கடைசியில் பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளிலிருந்து குப்பையை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் குப்பையில் இருக்கும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் என்பது திடமான வடிவில் இருக்கும் பெட்ரோலியம்தான். அதை எரித்தால், எண்ணெயை எரித்த அதே கார்பன்தான் வெளியேறும். மின்சாரம் கிடைக்கிறது என்பதற்காகப் புகை பசுமையாகிவிடாது. 2020-ல் டென்மார்க் அரசியல் கட்சிகளே கூடி, நாட்டின் குப்பை எரிஉலைத் திறனை 2030-க்குள் சுமார் 30 சதவிகிதம் குறைக்க உடன்பட்டன.

2022 ஆகஸ்ட்: கைவிட்டுப்போன கனவு

அப்படியானால் 2025 இலக்கை எப்படி எட்டுவதாக இருந்தார்கள்? ஆலையின் புகைபோக்கியிலேயே கரியமில வாயுவைப் பிடித்து, நிலத்தடியில் சேமிப்பது திட்டம். ஆண்டுக்கு சுமார் 5 லட்சம் டன். மொத்தக் கணக்கும் இந்த ஒரு தூணில் வந்து நின்றது.

இதற்காக டென்மார்க் அரசு ஒரு நிதி ஒதுக்கீட்டை அறிவித்தது. விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்கு இவ்வளவு சொந்த நிதிபலம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்து நகராட்சிகளுக்குச் சொந்தமான குப்பை நிறுவனத்தால் அந்த நிபந்தனையை எட்ட முடியவில்லை. பணம் கிடைக்காது என்று தெரிந்ததும், 2022 ஆகஸ்ட்டில் விஷயம் வெளியே வந்தது. 'சொன்ன தேதியில் முடியாது' என்று அன்றைய தலைமை மேயர் சோஃபி ஹேஸ்டார்ப் ஆண்டர்சன் தலைமையிலான நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

பத்தாண்டு உழைப்பு, ஒரு விண்ணப்பப் படிவத்தின் நிபந்தனையில் முட்டி நின்றது. தொழில்நுட்பம் இருந்தது. விருப்பமும் இருந்தது. மாநகரமும் மத்திய அரசும் ஒரே திசையில் நடக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

விமர்சனங்கள் அதோடு நிற்கவில்லை. நகரின் கணக்குப் புத்தகத்தையே சிலர் கேள்வி கேட்டார்கள்.

* நிலக்கரிக்குப் பதில் எரிக்கும் மரத்தை 'கார்பன் பூஜ்ஜியம்' என்று எழுதுகிறார்கள். வெட்டிய மரம் மறுபடி வளர்ந்து அந்தக் கார்பனை உறிஞ்சிவிடும் என்பது வாதம். ஆனால், ஒரு மரம் எரிய சில நிமிடங்கள் போதும், வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு?

* நகரத்துக்கு வெளியே காற்றாலைகள் நிறுவி, அந்த மின்சாரத்தைக் காட்டி உள்ளூர் கார்களின் புகையைக் கழித்துக்கொள்வது சரியா?

* நகரத்தில் இருப்பவர் வாங்கும் துணி, சாப்பிடும் இறைச்சி, பறக்கும் விமானம் இவற்றின் கார்பன் வேறு ஊர்க் கணக்கில் போய்விடுகிறதே?

மூன்றும் நியாயமான கேள்விகள். இப்போது நகரம் 2035-ஐ நோக்கிப் புதிய இலக்கு வைத்திருக்கிறது. இம்முறை மக்களின் நுகர்வால் வெளியேறும் கார்பனையும் கணக்கில் சேர்க்கிறார்கள். மர எரிபொருளைச் சார்ந்திருப்பதைக் குறைக்க, கடல்நீரிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சும் பெரிய வெப்ப பம்புகளின் பக்கம் திரும்புகிறார்கள்.

நம் ஊருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது?

இந்தக் கதையைக் கேட்டதும் 'நாமும் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாமே' என்று தோன்றும். சென்னை கொடுங்கையூரில் அப்படி ஒரு எரிஉலைத் திட்டம் பேசப்பட, வடசென்னை மக்கள் எதிர்த்துவருகிறார்கள். கோபன்ஹேகனைக் காட்டி இதற்கு ஆதரவு தேடும் முன்பு இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். ஒன்று, அங்கே உலையின் பெரும் பயனே வெப்பம்தான். வீட்டுக்கு வீடு அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. சென்னை வெயிலில் அந்த வெப்பத்தை யார் வீட்டுக்கு அனுப்புவது? இரண்டு, நம் குப்பையில் பெரும்பகுதி சோறு, காய்கறித் தோல், வாழையிலை என ஈரக் கழிவு. ஈர விறகு எப்படி எரியும் என்று அடுப்பு ஊதிய பாட்டிகளைக் கேட்டால் தெரியும்.

ஈரக் கழிவுக்கு நம்மிடமே வேறு வழி இருக்கிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடியில் உள்ள சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில், கழிவிலிருந்து வரும் மீத்தேன் வாயுவைப் பிடித்து மின்சாரம் தயாரிக்கிறார்கள். அந்த மின்சாரம் அதே நிலையத்தை ஓட்ட உதவுகிறது. வீணாவதைப் பிடித்துப் பயன்படுத்துவது என்ற கோபன்ஹேகன் சூத்திரம், நம் சாக்கடை நீரிலேயே ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

குளிர் குழாய் யோசனையும் நமக்கு நேராகப் பொருந்தாது. மெரினாவின் கடல்நீர் வெதுவெதுப்பானது, அது இலவசமாகக் குளிர்விக்காது. ஆனால், ஒரு வளாகத்துக்கே பொதுவாக ஒரு குளிரூட்டும் நிலையம் என்ற ஏற்பாடு வெப்ப நாட்டிலும் நடக்கும். குஜராத்தின் 'கிஃப்ட் சிட்டி'யில் அது இயங்குகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக எழும் ஐ.டி வளாகங்களுக்கு இதை யோசிக்கலாம்.

முழுக்கப் பொருந்துவது இன்னொன்று: மக்களைப் பங்குதாரர் ஆக்குவது. சென்னை அடுக்குமாடிகளில் வாழும் பலருக்கு மொட்டை மாடி சொந்தமில்லை. சோலார் பேனல் வைக்க ஆசை இருந்தும் இடமில்லை. நகராட்சிப் பள்ளி, பேருந்து நிலையம், மார்க்கெட் கட்டடங்களின் கூரையில் சோலார் அமைத்து, அதில் அந்தப் பகுதி மக்கள் ஆளுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்க வழி செய்தால்? மிடல்குருண்டனில் 8,500 பேர் செய்தது அதைத்தான். பங்கு வாங்கியவர் பேனல் மீது தூசு படிந்தால்கூடக் கேள்வி கேட்பார்.

இன்னொரு பாடமும் உண்டு. கோபன்ஹேகன் தோற்றது நமக்கு எப்படித் தெரிந்தது? அவர்களே சொன்னதால். தேதியோடு இலக்கு இருந்தது, இவ்வளவு குறைந்திருக்கிறது, இவ்வளவு பாக்கி என்ற கணக்கு வெளியே இருந்தது. எட்ட முடியாது என்று தெரிந்ததும், கெடு முடிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சொன்னார்கள். இலக்கே இல்லாத ஊர் ஒருநாளும் தோற்பதில்லை. ஆனால், அந்த ஊரில் புகையும் குறைவதில்லை.

சென்னைக்கு 2050 வரை நேரம் இருக்கிறது. அதற்கிடையில் எத்தனையோ மாநகராட்சித் தேர்தல்கள் வரும். அடுத்த முறை உங்கள் வார்டில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் சாலை, சாக்கடை, தண்ணீரோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: 'நம் மாநகராட்சி போன வருடம் எவ்வளவு கரன்ட் செலவழித்தது, அதில் எவ்வளவு சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தது?'

பதில் தெரியாவிட்டால், கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கரன்ட் பில்லைக் கட்டுவது நம் வரிப்பணம்தான்.